டெண்டர் தாளில் மூன்று சுழி

பினாங் ஸ்ட்ரீட்டில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது சேலைக் கடை இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போனவள் சும்மா இருக்க முடியாமல் படியேறிவிட்டேன். மெஷின் ரூம் இருந்த இடத்தில் பட்டு அடுக்கியிருந்தார்கள். ஏர்கான் மட்டும் அதே மூலையில் இருந்தது. கடைக்காரப் பெண் என்ன கலர் வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே வேலை செய்தேன், பார்க்க வந்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பாள். ஒரு மாம்பழக் கலர் சேலையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதை இன்னும் கட்டவில்லை.

நாங்கள் நான்கு பேர்தான். முதலாளி அண்ணாமலை செட்டியார். எனக்கு அண்ணே, மற்ற இருவருக்கும் பாஸ். அவருடைய தகப்பனார் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து, வட்டிக்குக் கடன் கொடுக்கும் கிட்டங்கி நடத்தியவர். மகன் எழுபத்தொன்பதில் மாடியில் ஏர்கான் போட்டு, குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டு, பால் வைக்கலாமா என்று கேட்டார்களாம். அண்ணனுக்கு அது ஆறாத ஆத்திரம்.

ஜெயராஜ்தான் புரோகிராமர். ஜெலுத்தோங் பிளாட்டிலிருந்து மோட்டாரில் வருவான். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத கத்தோலிக்கன். நோர்மா மலாய்க் கடிதங்களைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும்தான் அரசாங்கத் தாள்களை முழுசாகப் படிக்கும் பொறுமை இருந்தது. நான் செல்வநாயகி. டத்தோ கிராமாட்டில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் குடும்பம். டேட்டா என்ட்ரி சூப்பர்வைசர் என்று பெயர். ஆபீசில் சண்டை போடவேண்டிய வேலை எல்லாம் என்னிடம்தான் வரும்.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ஃபேக்டரிகளிலிருந்து வியாழக்கிழமை டைம் கார்டுகள் மூட்டையாக ஃபெரியில் வரும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சம்பளச் சீட்டு போய்விட வேண்டும். பிரிண்டர் கத்துகிற கத்தலில் நாங்கள் சைகையில்தான் பேசுவோம். அந்தச் சத்தம் இல்லாத வெள்ளிக்கிழமை எனக்கு இன்றுவரை வெள்ளிக்கிழமை மாதிரியே இல்லை.

அண்ணனுக்கு ஒரு வழக்கம். பிள்ளையார் சுழி போடாமல் எந்தத் தாளையும் தொடமாட்டார். கடிதம், ரசீது, டெலிவரி ஆர்டர், கேலண்டரில் ஒவ்வொரு மாதத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் அது இருக்கும். சாப்பாட்டுக்கு ஆள் அனுப்புகிற துண்டுச் சீட்டில்கூட மேலே சுழி, கீழே நாலு தோசை. அரசாங்கத்துக்குப் போகிற கடிதங்களிலும் போடுவார். சில இலாகாக்களில் அதை அவருடைய கம்பெனி முத்திரை என்றே நினைத்திருந்தார்கள். போதாததற்கு மெஷினும் போட வேண்டும் என்று ஜெயராஜிடம் சொன்னார். அவன் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, நட்சத்திரக் குறிகளாலேயே ஒரு பெரிய சுழி பிரிண்டரில் விழும்படி எழுதினான். ஒவ்வொரு வேலையின் முதல் தாளும் அதுதான். நான் அவனை, உங்கள் ஃபாதருக்குத் தெரியுமா என்று கேட்பேன். சம்பளம் ஃபாதர் தரவில்லையே அக்கா என்பான்.

எண்பத்தைந்து ஆகஸ்டில் அந்த டெண்டர் வந்தது. இலாகாவின் பெயர் இப்போது எதற்கு. எழுபதாயிரம் வீடுகளின் பதிவு அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஐந்து வருஷம் நடத்திக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் ஃபேக்டரிகள் ஆள் குறைத்துக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை மூட்டை மாதாமாதம் மெலிந்தது. இந்த வேலை கிடைத்தால் ஆபீஸ் நிற்கும். கிடைக்காவிட்டால் இரண்டு வருஷம் தாங்காது. அண்ணன் இதை எங்களிடம் மறைக்கவில்லை. மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

விதிகளைப் படித்துவிட்டு நோர்மா முகத்தைச் சுளித்தாள். விலை ஒரு உறை, வேலைத் திட்டம் இன்னொரு உறை. திட்டத்துக்கு மார்க் போடுகிற கமிட்டிக்கு அது எந்தக் கம்பெனியுடையது என்று தெரியக்கூடாது. ஆகவே திட்டத் தாளில் பெயர், முத்திரை, அடையாளம் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் தள்ளுபடி. படித்து முடித்துவிட்டு, அவள் அண்ணனின் பேனாவைப் பார்த்தாள்.

அண்ணன் பேனாவை மூடி வைத்தார். பிறகு, இந்த ஒரு தடவை போடவேண்டாம், பிள்ளையார் புரிந்துகொள்வார் என்றார். எங்களிடமும் சத்தியம் மாதிரி வாங்கிக்கொண்டார். கையால் போடக்கூடாது. மெஷினும் போடக்கூடாது. ஜெயராஜ் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

இரண்டு மாதம் உழைத்தோம். அந்த மாதிரி நான் அப்புறம் எங்கேயும் உழைத்ததில்லை. ஜெயராஜ் அட்டைகளைத் தேடி எடுக்கிற புரோகிராமை மூன்று முறை அழித்து எழுதினான். வீட்டுச் சொந்தக்காரரின் பெயரை எப்படி எழுதினாலும், மலாய்ப் பெயர், சீனப் பெயர், தமிழ்ப் பெயர் எதுவானாலும், மெஷின் கண்டுபிடித்துவிடும். அப்போது அது பெரிய விஷயம். முதல்முறை ஓடியபோது நோர்மா தன் தாத்தாவின் பெயரை மூன்று விதமாக அடித்துப் பார்த்தாள். மூன்றிலும் அவர் வந்தார். எல்லோரும் கை தட்டினோம். அண்ணன் கீழே போய் நாலு பேருக்கும் செண்டோல் வாங்கி வந்தார், பாதி வழியிலேயே ஐஸ் கரைந்துபோன செண்டோல்.

டெண்டர் பெட்டி பன்னிரண்டு மணிக்கு மூடும் நாள். காலையில் அண்ணன் கோயிலுக்குப் போயிருந்தார். நான் தாள்களுக்குத் துளை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் தாள் மேலே வெறுமையாக இருந்தது. பொட்டில்லாத நெற்றி மாதிரி. ஆறு வருஷமாக அந்த ஆபீசிலிருந்து வெறும் தலையோடு ஒரு தாள் போனதில்லை. இப்படியே அனுப்பினால் இவ்வளவு உழைப்பும் வீணாகிவிடும் என்று எனக்குப் பயம், பக்தி என்று சொல்ல முடியாது. பென்சிலை எடுத்து, இடது மேல் மூலையில் கொசு அளவுக்கு ஒரு சுழி போட்டேன். அழித்துவிடலாம் என்று ரப்பரையும் எடுத்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டேன்.

கமிட்டியில் ஒருவர் ஏரம்பமூர்த்தி அங்கிள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. டெண்டர் போட்ட கம்பெனிகளின் பெயர்ப் பட்டியல் வந்த நாளிலிருந்து தெருவில் என்னைக் கண்டால் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவார். மழையில்லாத நாளிலும் அப்படித்தான். தீபாவளிக்கு அம்மா பலகாரத் தட்டு அனுப்பினார். அவருடைய மனைவி யோகம்மா ஆன்ட்டி வாசலிலேயே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த வருஷம் அவருக்கு முறுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னாராம். முப்பது வருஷத் தட்டு. அம்மா அழுதே விட்டார். அந்த மனுஷனை நான் வாயில் வந்தபடி திட்டினேன். அவர் என்ன காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஜனவரியில் கடிதம் வந்தது. எங்களுக்குத்தான். நோர்மா அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். அண்ணன் கடிதத்தை வாங்கி, தகப்பனார் படத்துக்கு முன்னால் வைத்தார். ஜெயராஜ் பிரிண்டரைப் போட்டு நட்சத்திரச் சுழியை முழு நீளத்துக்கு அடித்து, சுவரில் ஒட்டினான். ஐந்து வாரம் நாங்கள் பணக்காரர்கள் மாதிரி நடந்துகொண்டோம்.

ஆறாவது வாரம் ஆட்சேபணை வந்தது. தோற்றுப்போன கோலாலம்பூர் கம்பெனி எழுதியிருந்தது. எங்கள் திட்டத் தாளில் ரகசியக் குறி இருக்கிறதாம். கமிட்டியில் இருக்கும் தமிழ் அதிகாரிக்குக் காட்டுவதற்காகப் போட்டதாம். தாள் அவர்கள் கண்ணில் எப்படிப் பட்டது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதை விசாரிக்க யாரும் கமிட்டி போடவில்லை. எங்களை விசாரிக்கத்தான் போட்டார்கள்.

அந்த இரண்டு வாரம் நான் சோறு சாப்பிட்டதாக ஞாபகமில்லை. என் பென்சில்தான் என்று எனக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்ல வாயெடுப்பேன், அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஊர்ச் சண்டைக்கெல்லாம் நீளுகிற என் வாய் அப்போது எங்கே போனதோ.

விசாரணை நாள். அண்ணன், ஜெயராஜ், நான் மூவரும் போனோம். இலாகாவின் நாலாவது மாடித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் ஏரம்பமூர்த்தி அங்கிள் தனியாக உட்கார்ந்திருந்தார், இரண்டு முழங்காலுக்கு நடுவே குடை. அவரைக் கமிட்டியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். குற்றம் நிரூபணமானால் பென்ஷன் போய்விடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்களைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி சுவரைப் பார்த்தார்.

உள்ளே தலைவர் ஒரு மலாய்க்கார அதிகாரி. வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். மேசையில் எங்கள் தாள்கள் மூன்று. முதல் தாள், கடைசித் தாள், நடுவில் பிரிண்டரில் அடித்த மாதிரி அறிக்கை ஒன்று. எனக்குப் புரியவில்லை. நான் போட்டது ஒரு தாளில்தானே.

தலைவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் வைத்தார். இந்த மூன்று தாளிலும் சின்னக் குறிகள் இருக்கின்றன. காகித அழுக்கு, பிரிண்டர் மை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் அவர் அதை ஏற்றுக்கொள்வார், கான்ட்ராக்ட் எங்களுடையதுதான். ஆனால் ஏரம்பமூர்த்தி தன் வாக்குமூலத்தில் இதைத் தமிழர்களின் சமயக் குறி என்று எழுதியிருக்கிறார். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், எந்தக் கம்பெனி என்று நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் மேலே தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்காதது என் தவறு என்றும் எழுதியிருக்கிறார். நாங்கள் அழுக்கு என்று சொன்னால், அழுக்கைப் பார்த்து அவர் ஏன் அப்படி எழுதினார் என்று அவரைத்தான் மறுபடி கேட்க வேண்டிவரும்.

சொல்லிவிட்டுத் தலைவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அண்ணன் பக்கம் தள்ளினார். அவர் எங்களுக்கு உதவத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும். எழுபதாயிரம் வீடு, ஐந்து வருஷம், எங்கள் நாலு பேரின் வெள்ளிக்கிழமைகள், எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு மனுஷன் இருந்தார். அவருக்கும் எங்களுக்கும் திருப்பிக் கொடுத்த ஒரு முறுக்குத் தட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அண்ணன் பேனாவை எடுத்தார். வெள்ளைத் தாளின் மேலே கை தானாகப் போய், வழக்கம்போல சுழி போட்டுவிட்டது. போட்டதைத் தானே பார்த்தார். பேனாவை வைத்துவிட்டார்.

"துவான், அது அழுக்கு இல்ல. பிள்ளையார் சுழி. நான்தான் போட்டேன்" என்றார். மலாயில்தான் சொன்னார். பிள்ளையார் சுழி மட்டும் தமிழில்.

மூன்றும் நீங்களா என்று தலைவர் கேட்டார். அண்ணன் தாள்களை இழுத்துப் பார்த்தார். கடைசித் தாளின் அடியில் மையால் போட்ட சுழி அவருடையது. மேலே போடவேண்டாம் என்றுதானே பேசினோம் என்று கீழே போட்டிருக்கிறார். மற்ற இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"பென்சில் என்னோடது, அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை.

பிறகு ஜெயராஜ் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் நிற்பது மாதிரி.

"அந்த ஸ்டார் நான்தான், பாஸ். பெருசை எடுத்துட்டேன்லா. எடுத்தா புரோகிராம் நின்னு போவுது. ரெண்டு தடவை பார்த்தேன். அப்புறம் மூலையில சின்னதா ஆறு ஸ்டார் வச்சேன், ஓடிருச்சு."

தலைவர் மலாயில் சொல்லும்படி கேட்டார். ஜெயராஜ் சொன்னான். நீயும் இந்து சமயமா என்று கேட்டார். இல்லை துவான், கத்தோலிக் என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவருக்கொருவர் தெரியாமலா செய்தீர்கள் என்று கேட்டார். தெரியாமல்தான் என்றோம், மூன்று பேரும் சேர்ந்தாற்போல. அந்த அறையிலேயே சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை.

ரகசியக் குறி வைக்கிறவர்கள் மூன்று விதமாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வைக்கமாட்டார்கள் என்று தலைவர் குறித்துக்கொண்டார். பிறகு மார்க் தாளை எடுத்துப் படித்தார். ஐந்து பேர் கமிட்டி. நான்கு பேர் எங்களுக்கு எண்பதுக்கு மேல் போட்டிருந்தார்கள். ஏரம்பமூர்த்தி போட்டது அறுபத்தொன்று. தமிழர்கள் என்று தெரிந்ததால், தன் மனசு சாய்ந்துவிடுமோ என்று பயந்து குறைத்துப் போட்டிருக்கிறார் மனுஷன். அவர் மேல் குற்றமில்லை, தெரிவிக்காததற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். எங்கள் தாள் விதிப்படி தள்ளுபடி. கான்ட்ராக்ட் அடுத்த கம்பெனிக்கு.

வெளியே வந்தபோது அங்கிள் பெஞ்சிலிருந்து எழுந்தார். உள்ளே என்ன நடந்தது என்று அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அத்தனை பேர் பார்க்கிற தாழ்வாரத்தில், இரண்டு கையையும் கூப்பி எங்களுக்கு வணக்கம் சொன்னார். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டின வார்த்தையெல்லாம் ஞாபகம் வந்தது.

லிஃப்ட் தரைத்தளம் வந்ததும்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"அறுபத்தொண்ணா போட்டாரு? அந்தப் பேரு தேடுற புரோகிராமுக்கு அறுபத்தொண்ணா?"

அதற்குத்தான் நாங்கள் சிரித்தோம். தெருவில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஆபீசில் நோர்மா கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் மூன்று பேரையும் மலாயில் கிழித்து எடுத்தாள். விதியைப் படித்தவள் அவள்தானே. பிறகு முகத்தை மேசையில் கவிழ்த்துக்கொண்டாள்.

அந்தத் தீபாவளிக்கு நாலாவது வீட்டிலிருந்து இரண்டு தட்டு வந்தது, போன வருஷத்ததையும் சேர்த்து.

ஆபீஸ் எண்பத்தெட்டு மார்ச் வரைக்கும் தாங்கியது. ஃபேக்டரிகள் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்களைத் தாங்களே வாங்கிக்கொண்டன. வியாழக்கிழமை மூட்டை நின்றுபோனது. ஜெயராஜுக்குப் பிறையில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அவன் எழுதிய தேடும் புரோகிராமை அங்கே எடுத்துப்போனான், ஆறு நட்சத்திரத்தோடு. இன்னும் ஓடுகிறதாம். நோர்மாவுக்கு அரசாங்க வேலை. ஒரு வரி, அந்த ஒரு வரியை அண்ணன் எழுதியிருந்தால் நாங்கள் தொண்ணூற்றொன்று வரைக்கும் ஒன்றாக இருந்திருப்போம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. போட்டு முடித்ததும் அந்தத் தாழ்வாரமும் கூப்பின கையும் ஞாபகம் வரும். கணக்கை அப்படியே விட்டுவிடுவேன்.

கடைசி நாள், கம்பெனியை மூடுகிறோம் என்று பதிவு இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. நோர்மா மலாயில் சொல்ல, நான் அடித்தேன். கார்பன் வைத்து இரண்டு பிரதி. அண்ணன் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். பேனாவை மேலே கொண்டுபோய் நிறுத்தினார். எங்களைப் பார்த்தார்.

"இதுல போடலாம்தானே?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

நோர்மா விதிகள் தாளைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தாள். பிறகு, இதில் தள்ளுபடி செய்ய ஒன்றும் இல்லை பாஸ் என்றாள்.

அவர் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். அதன் பக்கத்திலேயே நான் ஒன்று போட்டேன், இந்தத் தடவை மையில், பெரிதாக. ஜெயராஜ் வாங்கி ஆறு நட்சத்திரம் வைத்தான்.

கார்பன் பிரதி என்னிடம்தான் இருக்கிறது. எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. மூன்று சுழியும் அழுத்திப் போட்டது, அப்படியே இருக்கிறது.